‘மறைமலை நகருக்கு மிக அருகில்’ என்று சொல்லி எனக்கு விற்ற மனை

2013 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரத்தில் ஒரு வேனில் ஏறி உட்கார்ந்தேன். மனை பார்க்க இலவசமாக அழைத்துப் போகிறோம், மதிய உணவும் உண்டு என்று துண்டுச் சீட்டில் போட்டிருந்தார்கள். அன்று தொடங்கிய அலைச்சல், 2021 ஆகஸ்டில் என் பெயரில் பட்டா கைக்கு வந்த நாளில்தான் முடிந்தது. இடைப்பட்ட எட்டரை ஆண்டுகளில் என் கணவர் மஸ்கட்டில் இருந்தார், பிறகு வேலை இழந்து திரும்பி வந்தார், உடல்நிலையும் கெட்டது. ஆகவே கையெழுத்துப் போட்டது, வரிசையில் நின்றது, கடன் வாங்கியது, அழுதது எல்லாம் நான் ஒருத்திதான். குரோம்பேட்டையில் வாடகை வீடு, ஏழு வயது மகள், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. நிலத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்த ஒருவர் அன்று எதிரே நின்று சொன்னார், அதையும் நான் காதில் வாங்கவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் அப்படிப்பட்ட வேன்களைப் பார்க்கிறேன். அதில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேன் வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் எல்லாம் கடந்து மறைமலை நகருக்குள் நுழைந்தது. அங்கே வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்கள். அகலமான நேர்ச் சாலைகள், இருபுறமும் மரங்கள், பூங்காவுக்கு என்று விட்ட இடம், பள்ளிக்கு என்று விட்ட இடம். குரோம்பேட்டையின் சந்துகளில் ஆட்டோ எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கும் எனக்கு அது வேறு உலகமாக இருந்தது. உடன் வந்த விற்பனை இளைஞர், “பாருங்கள் அக்கா, இது அரசாங்கமே திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அதோ ரயில் நிலையம், அந்தப் பக்கம் ஃபோர்டு கார் ஆலை. இன்னும் ஐந்து வருடத்தில் இங்கே கால் வைக்க இடம் இருக்காது” என்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மனத்துக்குள் வீடு கட்டி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வேன் மேற்கே திரும்பி ஊர்களையும் வயல்களையும் தாண்டி இருபது நிமிடம் ஓடியது எனக்கு உறைக்கவே இல்லை.

இந்த இருபது நிமிடத்தில்தான் என் பணம் போனது என்று பின்னால் புரிந்தது. மறைமலை நகர் திட்டமிட்ட நகரம் என்பது உண்மை. சென்னையின் நெரிசலைக் குறைக்கத் துணைநகரங்கள் வேண்டும் என்று 1970களில் முடிவுசெய்து, பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலை அடிகளின் பெயரை வைத்து, 1980இல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய ஊர் அது. கிராமங்களின் நிலத்தை அரசு எடுத்து, முதலில் சாலை, வடிகால், பூங்கா எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கி, மிச்சத்தை மனையாகப் பிரித்தார்கள். முகவரிகளில் இன்றும் என்.எச். 1, என்.எச். 2 என்று எழுதுவார்கள். நான் அதைத் தேசிய நெடுஞ்சாலை எண் என்று நினைத்திருந்தேன். திட்டத்தில் பிரித்த குடியிருப்புத் தொகுதியின் எண் அது. முதல் பல ஆண்டுகள் ஊர் மெதுவாகத்தான் வளர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் கார் ஆலை, அதன் பிறகு உதிரிபாகத் தொழிற்சாலைகள், செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி என்று வந்ததும் விலை ஏறியது. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 80,000ஐத் தாண்டிவிட்டது. ஆனால் திட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு வெளியே நெல் விளைந்த நிலத்தைத் தனியார் வாங்கி, ஜல்லி கொட்டி, கல் நட்டு, அதே நகரத்தின் பெயரைச் சேர்த்து விற்றார்கள். பெயர் மட்டும்தான் எல்லை தாண்டி வந்தது. வடிகால் வரவில்லை, சாலை வரவில்லை, அனுமதியும் வரவில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மனை எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது, சர்வே எண் என்ன என்பதுதான். விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப்பெயரை மறந்துவிடுங்கள். பத்திரத்தில் எந்தக் கிராமத்தின் பெயர் வரப்போகிறதோ அந்தக் கிராமத்துக்குப் போய் நில்லுங்கள்.

நான் போய் நின்றேன், ஆனால் மாசி மாதத்தில். தரை வெடித்துக் காய்ந்து கிடந்தது. மஞ்சளும் வெள்ளையும் பூசிய கற்கள் வரிசையாக நட்டிருந்தன. வரப்பு இருந்த இடத்தில் செம்மண் பாதை போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெரியவர் இரண்டு மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மகளுக்காகக் கேட்கப் போனபோது அவர், “வாங்கப் போகிறாயா அம்மா? ஐப்பசியில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு வாங்கு” என்றார். ஏன் என்று கேட்டேன். கையை நீட்டி, ஏரிக்கரை தெரிகிறதா என்றார். தூரத்தில் பனைமரங்களோடு ஒரு மேடு தெரிந்தது. “நீ நிற்பது ஏரிக்குக் கீழே. நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கே நெல்தான் போட்டோம். கேழ்வரகு கூடப் போட முடியாது, நின்று அழுகிவிடும்” என்றார். அதற்குள் விற்பனை இளைஞர் வந்து என்னை அழைத்துப் போய்விட்டார். நிலத்தை விற்ற வயிற்றெரிச்சலில் ஊர்க்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள் அக்கா என்றார். நான் அதை நம்பினேன். அந்தப் பெரியவருக்கு என்னிடம் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று அப்போது தோன்றவில்லை. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மனை 1,200 சதுர அடி, சதுர அடி 550 ரூபாய், மொத்தம் 6,60,000 ரூபாய். சீட்டு எடுத்ததில் 2,80,000, என் நகைகளை அடகு வைத்ததில் 2,00,000, கணவர் அனுப்பியது 1,80,000. முதலில் வங்கியில்தான் கடன் கேட்டேன். வரைபடத்தைப் பார்த்த மேலாளர், இதற்குக் கடன் தர முடியாது, அனுமதி இல்லாத மனை என்றார். விற்பனை அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அவர்கள் ஊராட்சித் தலைவரின் முத்திரை குத்திய வரைபடத்தைக் காட்டி, இது பஞ்சாயத்து அனுமதி பெற்றது, வங்கிக்காரர்களுக்கு விவரம் தெரியாது என்றார்கள். நான் வங்கியை நம்பாமல் விற்பவரை நம்பினேன். மனைப்பிரிவுக்குத் தானாக அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. அந்தப் பகுதியில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும் (சென்னைப் பெருநகர எல்லை அப்போது வண்டலூரை ஒட்டியே முடிந்துவிடும்). ஒரு வங்கி கடன் தர மறுத்தால் ஏன் மறுத்தார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். கடனே தேவையில்லை என்றாலும் விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். அவர்களுடைய வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லும் ஒரு வார்த்தை, எனக்கு எட்டு ஆண்டுகளை மிச்சப்படுத்தியிருக்கும்.

பதிவு நாளில் இன்னொரு தவறு செய்தேன். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பான (பதிவுக்கு அரசு குறித்துவைத்த மதிப்பு) 2,64,000 ரூபாய்தான் விலையாக எழுதப்பட்டது. மிச்சப் பணத்துக்கு ரசீது கிடையாது. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், உங்களுக்கும் செலவு மிச்சம் என்றார்கள். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். அந்தக் கணக்கில் 21,000 ரூபாய் சொச்சம்தான் வரும். என்னிடம் ‘பதிவுச் செலவு’ என்று 45,000 வாங்கினார்கள். தினமும் கணக்கு எழுதும் வேலை பார்க்கும் நான் அங்கே கணக்குக் கேட்கவில்லை. பின்னால் வழக்குப் போடலாமா என்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் கொடுத்தது 6,60,000 என்பதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். என்னிடம் இருந்தது 2,64,000 ரூபாய்க்கான பத்திரம். முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுங்கள், முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். கூடுதல் தீர்வை வலிக்கும், ஆனால் பிறகு உங்கள் பக்கம் பேச ஒரு காகிதம் இருக்கும்.

2015 டிசம்பர் மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. எங்கள் வாடகை வீட்டிலேயே தண்ணீர் புகுந்து நாங்கள் மாடியில் அடுத்த வீட்டாரோடு இருந்தோம். பத்து நாள் கழித்து மனையைப் பார்க்கப் போனேன். ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் போனால், பாதி வழியில் இறக்கிவிட்டு இதற்கு மேல் போகாது என்றார். நடந்தேன். மனைப்பிரிவு இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்ப் பரப்பு இருந்தது. கற்கள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மின்கம்பம் மட்டும் நின்றது. அதில் இடுப்புக்கு மேலே சேற்றுக் கோடு படிந்திருந்தது. மழை நின்று பத்து நாள் ஆகியும் முழங்கால் அளவு தண்ணீர். நாரைகள் நின்றுகொண்டிருந்தன. அந்தப் பெரியவர் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன். நகை அடகில் இருக்கிறது, ஆண்டுக்கு 24,000 வட்டி கட்டுகிறேன், எதற்காக என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது.

அதன் பிறகுதான் ஏரியைப் பற்றிப் படித்தேன், விசாரித்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்குபவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அது ஏரிகள் நிறைந்த பகுதி. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வெளியேறி அடுத்த ஏரிக்குப் போகும். பாசனத்துக்கு மதகு வழியாகத் தண்ணீர் விடுவார்கள், அது வாய்க்கால்களில் ஓடி வயல்களுக்குப் பாயும். தண்ணீர் தானாகப் பாய வேண்டும் என்றால் வயல் ஏரியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அதாவது நன்செய் என்று எழுதப்பட்ட நிலம் பெரும்பாலும் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த நிலம். விவசாயம் நின்றதும் மதகைக் கவனிக்க ஆள் இல்லை, வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் மட்டும் பழைய வழியிலேயே வருகிறது. எங்கள் மனைப்பிரிவில் ‘30 அடி பிரதான சாலை’ என்று வரைபடத்தில் போட்டிருந்ததில் பாதி, கிராம வரைபடத்தில் பாசன வாய்க்கால்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டே காகிதங்கள் போதுமாக இருந்தன. ஒன்று கிராம வரைபடம், மற்றொன்று அந்தச் சர்வே எண்ணின் புல வரைபடம். கூடவே ‘அ’ பதிவேட்டின் நகலைப் பாருங்கள். அதில் அந்த எண் நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா என்று இருக்கும். பட்டா, ‘அ’ பதிவேடு விவரங்களை இப்போது அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சுற்றியிருக்கும் எட்டுப் பத்து எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் வாய்க்கால், ஏரி, ஓடை என்று இருந்தால் அடுத்த வேலை, மழைக்காலத்தில் போய் நிற்பதுதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும், நல்ல மழை பெய்த மறுநாள். வேன் அனுப்பமாட்டார்கள், பஸ்ஸில் போங்கள்.

2016 ஜூனில் கணவருக்கு வேலை போய்விட்டது. மனையை விற்றுவிடலாம் என்று முடிவுசெய்தோம். ஆகஸ்டில் ஒருவர் 10,20,000 ரூபாய்க்குக் கேட்டு, 1,00,000 முன்பணமும் கொடுத்தார். தண்ணீர் நிற்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு விற்றவர்கள் செய்ததையே நானும் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த முன்பணத்தோடு கையிருப்பையும் சேர்த்து, ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்த நகைகளை மீட்டேன். மூன்றரை ஆண்டில் வட்டி மட்டும் 84,000. மறு மாதம் 9ஆம் தேதி, விளைநிலங்கள் இப்படி மனைகளாவதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், அனுமதி பெறாத மனைகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தமிழ்நாடு முழுவதும் இத்தகைய மனைகளின் பத்திரப்பதிவு நின்றுபோனது. இடையில் தளர்வும் மறுபடி தடையும் மாறி மாறி வந்தன. வாங்க வந்தவர் ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தார், பிறகு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவர்மேல் தவறு இல்லை. மீட்ட நகைகளை மறுபடி எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, எடை போட்டுச் சீட்டு எழுதினார். அந்த நாளைப் போல நான் உடைந்துபோன நாள் வேறு கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தடை என்னை நசுக்கியது, ஆனால் அது தவறு என்று இன்று நான் சொல்லமாட்டேன். அது பத்து ஆண்டு முன்னால் வந்திருந்தால் நான் அந்த மனையை வாங்கியிருக்கவே முடியாது.

2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட அனுமதியற்ற மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் என் ஒரு மனைக்கு மட்டும் தனியாக அது நடக்காது. முதலில் மொத்த மனைப்பிரிவுக்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் வேண்டும், அதன் பிறகுதான் தனி மனை. மொத்த விவரமும் விற்பனை நிறுவனத்திடம்தான் இருக்கும். தாம்பரத்தில் அவர்கள் அலுவலகம் இருந்த இடத்தில் செல்பேசிக் கடை இருந்தது. எண்கள் எதுவும் வேலை செய்யவில்லை. மற்ற மனைக்காரர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது, யாரும் அங்கே வீடு கட்டவில்லை. இரண்டு வாரம் யோசித்தபின் ஒரு வழி தோன்றியது. அந்தச் சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டேன். அதில் யார் யாருக்கு எந்த மனை எந்தத் தேதியில் விற்கப்பட்டது என்று வரிசையாக வந்தது. அதிலிருந்து பத்திர நகல்களுக்கு மனுப் போட்டு முகவரிகளை எடுத்தேன். மொத்தம் 86 மனைகள். ஒவ்வொருவருக்கும் கையால் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். 31 பேர் பதில் எழுதினார்கள். 12 கடிதங்கள் திரும்பி வந்தன. ஒரு ஞாயிறு காட்டாங்குளத்தூரில் ஒரு டீக்கடை முன்னால் 19 பேர் கூடினோம். ஆட்டோ ஓட்டுபவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, துணி தைப்பவர். எல்லோரிடமும் அதே ஊராட்சி முத்திரை, அதே வேன் கதை. நான்கு ஆண்டுகளாகத் தனியாகச் சுமந்ததை அன்றுதான் முதன்முதலில் இறக்கி வைத்தேன். உங்கள் மனைப்பிரிவில் பிரச்சினை என்றால் முதலில் செய்ய வேண்டியது இதுதான், மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். நான் இதை 2013இலேயே செய்திருக்க வேண்டும்.

அந்த வில்லங்கச் சான்று வேறு சிலவற்றையும் காட்டியது. வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசிப் பூங்கா என்று காட்டிய இடம் 2014இல் ஆறு மனைகளாக விற்கப்பட்டிருந்தது. முறையான மனைப்பிரிவில் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பிரிவில் அப்படி ஒரு பத்திரமே பதிவாகவில்லை. வாங்குவதற்கு முன் அந்தத் தானப் பத்திரத்தின் எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் பூங்கா இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, நில உரிமையாளர் நேரடியாக விற்காமல் தன் சார்பில் விற்க விற்பனை நிறுவனத்துக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தார். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும். அவர் இறந்தபின் பதிவான பத்திரங்கள் மூன்று இருந்தன. அந்த மூவரும் இப்போது அவருடைய வாரிசுகளோடு நீதிமன்றத்தில் இருக்கிறார்கள். அதிகாரப் பத்திரத்தின் பேரில் விற்கிறார்கள் என்றால் உரிமையாளரை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடியுங்கள்.

நில அளவர் வந்து வாய்க்காலை அளந்த நாளில் எல்லோரும் போயிருந்தோம். சங்கிலி இழுத்துக் கல் வைக்க வைக்க, யார் மனை உள்ளே, யார் மனை வெளியே என்று தெரிந்துகொண்டே வந்தது. 11 மனைகள் வாய்க்கால் புறம்போக்கில் விழுந்தன. நீர்வழியில் இருப்பவற்றை வரன்முறைப்படுத்த முடியாது. என் மனைக்கு நான்கு மனை தள்ளிக் கோடு நின்றது. எனக்கு உயிர் வந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த ஆட்டோ ஓட்டுநர் தன் கல்லின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருடையது போய்விட்டது. ஐந்து லட்சத்துக்கு மேல். அவர் என்னிடம், “நீங்கள் கடிதம் போடாமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது அக்கா” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, ஆனாலும் அந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை.

ஒப்புதல் 2019இல் வந்தது. எனக்கு அரசுக் கட்டணம் 38,000, வரைபடத்துக்கும் பொதுச் செலவுக்கும் என் பங்கு 9,500. பட்டா மாற்றம் தனிக் கதை. நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்ததால் உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் செங்கல்பட்டு தனி மாவட்டமாகி அலுவலகங்கள் மாறின, பின்னே கொரோனா வந்தது. ஒரு அலுவலகத்தில் என் கோப்பு காணவில்லை என்று மூன்று முறை மனு வாங்கினார்கள். மூன்றாவது முறை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டேன், அதன் பிறகு கோப்பு காணாமல் போகவில்லை. பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று நினைத்துப் பட்டாவை விட்டுவிடுவது பெரிய தவறு. பதிவான வாரமே பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள்.

மொத்தக் கணக்கு இதுதான். மனைக்கு 6,60,000. பதிவு 45,000. நகை வட்டி இரண்டு முறையும் சேர்த்து 1,52,000. வரன்முறை, பட்டா, நகல்கள், போக்குவரத்து 71,000. சம்பளம் இழந்து எடுத்த விடுப்பு 43 நாள். இந்த 43 நாளில் பல நாள் மகள் பள்ளியிலிருந்து திரும்பும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டோம். கணவர் மருத்துவமனையில், நான் அலுவலக வாசலில். அவள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

இப்போது வாங்குபவர்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் மனை பிரித்து விற்றால் ரேராவில் (மனை, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவுசெய்து, அந்த எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும். அந்த எண்ணை ரேராவின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், சர்வே எண்கள் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதல் கட்டத்துக்கு வாங்கிய எண்ணைக் காட்டி, அனுமதி இல்லாத இரண்டாம் கட்டத்தை விற்க முயன்றதை என் தோழி ஒருத்திக்காகப் போனபோது நானே பார்த்தேன். ஆனால் அனுமதி இருந்தால் தண்ணீர் நிற்காது என்று பொருள் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 கடைசியில் திறந்த பிறகு எங்கள் பக்கமும் விலை ஏறிவிட்டது. மாதம் ஒரு தரகராவது அழைக்கிறார். நான் விற்கவில்லை. கேட்கும் எல்லோரிடமும் மின்கம்பத்தில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று சொல்லிவிடுகிறேன், அவர்களும் திரும்ப அழைப்பதில்லை. சென்ற ஆண்டு வீடு கட்டலாம் என்று மேஸ்திரியை அழைத்துப் போனேன். நான்கு அடி மண் கொட்டி மேடாக்கிவிடலாம் அம்மா, கவலை வேண்டாம் என்றார். பின்மனையில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார். நான் மேடாக்கினால் என் மனையில் நிற்கிற தண்ணீர் அவர் வாசலுக்குப் போகும். தரையை அப்படியே விட்டு, தூண் எழுப்பி மேலே கட்டினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். மூன்றரை லட்சம் கூடுதலாகும் என்றார். அந்தப் பணத்தைத்தான் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.